சிவப்புப் பொத்தான்

பம்ப் அக்கா என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால்தான் யாரென்று கேட்பார்கள். கயாக் பூங்காவில் பம்புகளை ஓட்டுவது அவள் வேலை. வளைந்து வளைந்து இறங்கும் சிமெண்ட் வாய்க்கால் அது. அடியில் சேரும் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிட்டால் பாறைகளில் மோதி, நுரைத்துக்கொண்டு காட்டாறாக ஓடிவரும். ஒற்றை ஆள் உட்காரும் ஒல்லிப் படகில் துடுப்புப் போட்டு அதில் இறங்கிவருவார்கள். மழையோ வெயிலோ, வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் அங்கேதான். ஓய்வு பெற்ற தபால்காரர்கூடத் தொப்பையைப் படகுக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அக்கா பம்ப் அறையின் கண்ணாடி வழியே வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கை சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில். யாராவது கவிழ்ந்து எழாமல் போனால் கரையிலிருந்து விசில் கேட்கும்; அவள் அமுக்குவாள். பம்ப் நிற்கும், தண்ணீர் மடமடவென்று வடியும், கவிழ்ந்தவன் முழங்கால் ஆழத்தில் அசடு வழிய எழுந்து நிற்பான்.

"நானே எழுந்திருப்பேன்க்கா, அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க!"

திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். உயிரோடு இருப்பவன்தானே திட்டுவான்.

பூங்கா வருவதற்கு முன் ஊருக்கு வெளியே உள்ள ஆறுதான் கதி. பாதி வருடம் அதில் மணல்தான். வெள்ளம் வந்தால்தான் படகு ஓடும் என்பதால் இளவட்டங்கள் வெள்ளத்துக்காகவே காத்துக் கிடந்தார்கள். அவள் தம்பியும் அப்படிக் காத்துக் கிடந்து வெள்ளத்தோடு போனவன்தான். அன்று கரையில் நின்று கத்தியதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மின் கட்டணம் கட்டி மாளவில்லை, பூங்காவை மூடலாமா என்று நகராட்சி ஊரைக் கூட்டிக் கேட்டது. டீக்கடைக்காரர் வியாபாரம் போய்விடும் என்றார். தபால்காரர் படகு விட்டுத் தன் முதுகுவலி போன கதையைச் சொன்னார். அக்காவும் எழுந்தாள்.

"பூங்கா வந்தப்புறம் ஆத்துல ஒரு பிள்ளைகூட சாகலைங்க."

"நல்ல விஷயந்தாம்மா," என்றார் நகராட்சித் தலைவர். "ஆனா சாகாத பிள்ளைங்கள நான் எந்தக் கணக்குல எழுதறது?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் காட்டுவதற்கு ஒரு பில் இருந்தது. நடக்காத ஒன்றை இவள் எப்படிக் காட்டுவாள்? உட்கார்ந்துவிட்டாள். தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

பூங்காவின் கடைசி நாளன்று, யாரும் விசில் ஊதாமலே பொத்தானை அமுக்கினாள். அவளைக் குடிநீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். கோடை முழுக்க அவள் மகளின் படகு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அப்புறம் மழை பிடித்தது.

"ஆத்துல தண்ணி வந்திருச்சும்மா," என்றாள் மகள். கல்லூரிக்குப் போகிற பெண். பூங்காவிலேயே வளர்ந்தவள். சிநேகிதியின் வேன் வாசலில் நின்றது.

"உங்க மாமாவ அந்த ஆறுதான்டி கொண்டுபோச்சு."

"மாமா யார்கிட்டயும் கத்துக்கலையேம்மா. நான் அப்படியா? என்னை இதுல இறக்கிவிட்டதே நீதானே?"

அக்கா அதட்டினாள், கெஞ்சினாள், சோற்றைத் தொடாமல் இருந்தும் பார்த்தாள். வளர்ந்த பெண்ணைக் கட்டியா போட முடியும்? கடைசியில் தானும் வேனில் ஏறிக்கொண்டாள். கூடப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. மகள் இறங்கினாள். முதல் வளைவு வரை நன்றாகத்தான் போனாள். அங்கே படகு புரண்டது. அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. தலை மேலே வரவில்லை. சிநேகிதி விசிலை ஊதினாள்.

அக்காவின் கை விருட்டென்று முன்னே போனது. கட்டைவிரல் வெறும் காற்றை அமுக்கியது. மறுபடி அமுக்கியது. தண்ணீர் வடியவில்லை. ஆறு அதுபாட்டுக்கு ஓடியது.

வெகுதூரம் தள்ளி ஒரு தலை எழும்பியது. மகள் இருமிக்கொண்டே கரையேறி, படகையும் இழுத்துப்போட்டாள்.

"பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகல!" என்று கத்திச் சிரித்தாள். "இரு, இன்னொரு தடவ போயிட்டு வரேன்."

படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேல்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் அக்கா அங்கேயே நின்றாள்.