பாதி வாடகை

அம்பாசமுத்திரம் சந்தைக்குப் பின்னால் இருந்த உர மூட்டை அடுக்கும் கிட்டங்கியை அப்பா உயிலில் ஞானம்பாளுக்கு எழுதிவைத்திருந்தார். வீடும் வயலும் தம்பி காசிலிங்கத்துக்கு. கிட்டங்கியை ஓர் உரக் கம்பெனி மாதம் பதினைந்தாயிரத்துக்கு எடுத்திருந்தது.

1994இல் புதுச் சட்டம் வந்தது. பெரிய வாடகையில் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் இனி தர முடியும் என்றது கம்பெனி.

"பிடிச்சா போனதுதான், திரும்பாது," என்றான் காசிலிங்கம். "நாம ரெண்டு பேரும் சொந்தக்காரங்கன்னு ஒப்பந்தத்த மாத்திருவோம். ஆளுக்குப் பாதின்னா வரம்புக்குள்ள வந்துரும், பிடிக்க மாட்டான். எம்பேர்ல வார செக்க மாத்தி ஒங்கையிலயே தந்துருதேன்."

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அவளுக்குக் கணக்கு வழக்கெல்லாம் தம்பிதான். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் ஒழுங்காகத் தந்தான். பிறகு நின்றது. கேட்கப் போனவளிடம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"எம்பங்குதானக்கா அது. ஒப்பந்தத்துல எம்பேரு இருக்குல்லா."

"ஏலே, வரிக்காகன்னு சொல்லித்தான எங்கிட்ட எழுதி வாங்குன?"

"மக கல்யாணம் வருது. நீ தனிக்கட்டை. ஒனக்கு எதுக்கு அவ்வளவு?"

அவன் மனைவி குனிந்து ரசம் ஊற்றினாள். ஞானம்பாள் வெளியே வந்தாள்.

மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போய் ஆடிட்டர் ஸ்ரீவத்ஸனைப் பார்த்தாள். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பிடிக்கிற வரி எங்கயும் போகாதும்மா. உங்க பேர்ல வரவாகும். வருஷக் கடைசியில நீங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். உங்க தம்பிக்குத் தெரியுமே. அவர் கடைக்கும் நான்தான் கணக்குப் பாக்கறேன்."

தெரிந்தேதான் செய்திருக்கிறான். பணம் போனதைவிட அது எரிந்தது. அதைவிட, கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்ட தன்மேல்தான் கோபம் வந்தது.

"முழு வாடகையையும் வரிக் கணக்குல எம்பேர்ல காட்டுங்க. கழிஞ்ச ரெண்டு வருஷத்துக்கும். வரியும் வட்டியும் எவ்வளவு வந்தாலும் கட்டுதேன்."

ஒப்பந்தத்தைத் தன் பேருக்கு மட்டும் மாற்றக் கேட்டபோது கம்பெனி மேனேஜர் தயங்கினார். "ஒப்பந்தத்த மாத்தணும்னா உங்க தம்பியும் கையெழுத்துப் போடணுமே."

"மாத்த வேண்டாம். அடுத்த மாசம் அது முடியுது. புதுசு எம்பேர்ல மட்டும் போடுங்க, வரியப் பிடிங்க. இல்லன்னா மூட்டையத் தூக்குங்க." உயிலின் நகலை மேசைமேல் வைத்தாள்.

அவ்வளவு மூட்டைக்கும் வேறு இடம் தேட கம்பெனிக்கு மனமில்லை. அவள் பேருக்கே எழுதியது.

செய்தி கேட்டுக் காசிலிங்கம் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டான்.

"சர்க்காருக்குக் குடுப்ப, தம்பிக்குக் குடுக்க மாட்ட. அப்படித்தான?"

"சர்க்கார் சொல்லிட்டு எடுக்கான்ல," என்றாள். "கேட்டிருந்தா கல்யாணத்துக்கு முழுசாவே தந்திருப்பேன். போ."

கல்யாணத்துக்குப் போனாள். மணப்பெண் கையில் இரண்டு வளையலைப் போட்டுவிட்டாள். பந்தியில் இலை போட்டு அழைத்தபோது, காசிலிங்கம் பார்த்துக்கொண்டிருக்கவே, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.