தாரணி சொன்ன காரணம்

பொற்கொடி வைக்கும் கறிக்குழம்புக்கு சிங்காநல்லூர் வீட்டில் பத்து வருடமாகப் போட்டியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் அடித்தாலே மாமியார் நாச்சியம்மாள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு கோபியிலிருந்து தாரணி வந்த பிறகும் அது மாறவில்லை.

போன தை மாதம் தாரணி திடீரென்று, "இனிமே நான் கறி திங்கறதில்லீங்க்கா" என்றாள். அம்மா வீட்டில் ஆசையாக வளர்த்த கிடாக்குட்டியைக் கோயில் நோம்பிக்கு அறுத்துவிட்டார்களாம். அதன் கண்ணை மறக்க முடியவில்லையாம்.

அன்றிலிருந்து வீடே அவள் பக்கம் சாய்ந்தது. "எளகுன மனசு அந்தப் புள்ளைக்கு" என்று மாமியார் பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தார். தாரணி தனக்கென்று ஆக்கிய அரிசிம்பருப்பு சாதத்தில் முதலில் மாமியார் பங்கு கேட்டார். பிறகு, பொற்கொடியின் கணவன் பிரவின்குமாரே ஒரு ஞாயிறு கறிக்குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "தாரணி ஆக்குனது மிச்சம் இருக்குதா?" என்றான். பொற்கொடிக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே தானும் சைவம் என்று அறிவித்தாள். "கொழுப்பு ஏறிக் கெடக்குதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க அத்தை."

யாரும் உருகவில்லை. "அப்ப ஞாயித்துக்கெழம கறி யாரு ஆக்கறது?" என்று மட்டும் மாமியார் கேட்டார்.

ஒன்பதாம் நாள் மதியம் பொற்கொடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரியாணிக் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். தன் புருஷனுக்குப் பார்சல் வாங்க வந்த தாரணி நேராக வந்து எதிரே உட்கார்ந்தாள்.

பொற்கொடி வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி."

"சொல்ல மாட்டேனுங்க்கா." தாரணி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கம்மா ஊட்டுல ஆடே வளர்த்ததில்லீங்க."

"என்ன சொல்ற?"

"வந்த புதுசுல நான் ஒரு நாள் கறிக்கொழம்பு வெச்சேனே, நெனப்பிருக்குதுங்களா? ஒருத்தரும் ரெண்டாவது கரண்டி ஊத்தல. சாயங்காலம் அத்தை அதத் தூக்கித் தெருநாய்க்கு ஊத்திட்டாங்க. உங்களோட என்னால போட்டி போட முடியாதுங்க்கா. அதான் நீங்க இல்லாத பக்கமாப் போயிட்டேன்."

பொற்கொடிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இவளும் நம்மைப் பார்த்து எரிந்திருக்கிறாள்! தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "அப்பறம் என்ன கண்ணு, ஒரு வாய் தின்னு. இங்க யாரு பாக்கறா?"

தாரணி தட்டைத் திருப்பி நகர்த்தினாள்.

"வேண்டாமுங்க்கா. மொதல்ல பொய்தான் சொன்னேன். இப்ப நெசமாவே தொண்டைல எறங்க மாட்டீங்குது."

பார்சல் வந்ததும் எழுந்து போய்விட்டாள். பொற்கொடியின் பொய்யோ ஒன்பது நாள்கூடத் தாங்கவில்லை. இவள் சொன்ன பொய் மட்டும் எப்படி உண்மையாகிப் போனது? அதையும் பொற்கொடியால் பொறுக்க முடியவில்லை.