வாசலில் ஒரு கோடு

ஒத்திகையை முடித்துவிட்டு, எதிர்க் கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்பிய குராமோச்சியை வாசலிலேயே நிறுத்தினாள், நுழைவு மேசையில் புதிதாக உட்கார்ந்திருந்த பெண்.

"யாரைப் பாக்க வந்தீங்க சார்?"

கோயென்ஜி வட்டாரத்தில் இப்படி நிலவறை இசை அரங்குகளுக்குள் நுழைகிற எல்லாரிடமும் கேட்பதுதான். எந்தக் குழுவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குக்காக, சொல்கிற குழுவின் பெயருக்குக் கீழே தாளில் ஒரு கோடு விழும். ஆனால் இருபது வருஷமாக இதே மேடையில் வாசிக்கிறவனிடமா கேட்பது! குராமோச்சிக்குச் சுருக்கென்றது. நான்தான் வாசிக்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"குராமோச்சி குழு," என்றான் எரிச்சலாக. அவள் சிரத்தையாக ஒரு கோடு போட்டாள்.

அன்று அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருவன். மினேகிஷி. இருவரும் சேர்ந்துதான் குழுவைத் தொடங்கினார்கள். சாஸ் என்ற துருக்கி நரம்பு வாத்தியமும் ஒகினாவாத் தீவுப் பாட்டும் ராக் கிதாரோடு சேரச் சேர, பேஸ் கிதாரை உறையில் போட்டுவிட்டு ஒருநாள் எழுந்து போனான் அவன். "உலகத்தையே ஒரே சட்டியில கொட்டிக் கிண்டுற. வாயில வைக்க முடியலடா." அதற்கப்புறம் ஒன்பது வருஷம் பேச்சில்லை. போன வாரம் குராமோச்சியே வெட்கத்தை விட்டு எழுதினான்: ஒரே ஒரு தடவை வந்து கேள். பதில் இல்லை.

மூன்றாவது பாட்டில் பார்த்தான். தூணோரம் மினேகிஷி! ஒன்பது தட்டுத் தாளம் அது, கேட்கிறவர்கள் எல்லாரும் தடுமாறுகிற இடம். மினேகிஷியின் கால் மட்டும் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது. குராமோச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாசித்ததெல்லாம் அந்த ஒரு காலுக்குத்தான்.

மேடையிலிருந்து இறங்கியதும் வியர்வையைக் கூடத் துடைக்காமல் வாசலுக்கு ஓடினான். இரண்டு கோடாவது இருக்க வேண்டும். ஒன்று தன் பொய், மற்றது மினேகிஷி.

தாளில் குராமோச்சி குழுவின் பெயருக்குக் கீழே ஒரே கோடுதான் இருந்தது. கடைசியாக வாசிக்கப் போகும் பையன்களுக்கு இருபத்து மூன்று.

"டேய்!" பின்னால் வந்து தோளில் தட்டினான் மினேகிஷி. "கலக்கிட்டடா. உன்னக் கேக்கத்தான் வேலையெல்லாம் போட்டுட்டு ஓடி வந்தேன்."

"கடைசிக் குழுவுல டிரம்ஸ் யாரு? ஒத்திகையில பாத்தேன், மூக்கு உன்ன மாதிரியே இருக்கு," என்றான் குராமோச்சி.

"அது... நம்ம பையன்தான். இன்னிக்கின்னு பாத்து அவனுக்கும் நிகழ்ச்சி அமைஞ்சுபோச்சு."

"அப்ப வாசல்ல என் பேரைத்தான் சொன்ன?"

"பின்ன? வேற யார் பேரைச் சொல்லுவேன்?"

அந்தப் பெண் தலைநிமிர்ந்து மினேகிஷியைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ரொம்ப சந்தோஷம்டா," என்றான் குராமோச்சி, அவள் சொல்வதற்குள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாஸைக் கட்டி எடுக்க உள்ளே போனான்.