ஒன்று மேலே, ஒன்று கீழே

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. பூண்டிப் பள்ளியில் நான்காம் வகுப்பெடுக்கும் ஷர்மிளா டீச்சர் பஸ்ஸில் சொன்னது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். உறுத்தலோடுதான் எழுதுகிறேன்.

2

பசிபிக் கடலின் நடுவே, தாழைகள் அசையும் ஹவாய்த் தீவில்…

(அடித்துவிட்டேன். நான் ஹவாயைப் பார்த்ததில்லை. டீச்சரும் செல்போனில்தான் பார்த்தார். அங்கே தாழை ஓலையில் பாய் முடைகிறார்கள். மலைமேல் இருக்கும் பூண்டியில் தாழை ஏது? வெள்ளைப்பூண்டும் கேரட்டும்தான்.)

வகுப்பில் பிள்ளைகள் பாய் பின்ன, ஓலைக்குப் பதில் காகிதம் என்று முடிவாயிற்று. வீட்டில் கிடக்கும் கலர்த் தாள் எதையாவது கொண்டுவரச் சொன்னார் டீச்சர். காலண்டர் வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது. பச்சை அட்டையில் நெடுக்கே கீறிக்கொண்டு, கொண்டுவந்த தாளைப் பட்டைகளாக வெட்டிக் குறுக்கே நுழைக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே.

3

பாண்டிச்செல்வி துறுதுறுவென்று…

(இல்லை. கதைகளில் வரும் சிறுமிகள் எல்லாரும் துறுதுறுவென்றே இருந்து எனக்கு அலுத்துவிட்டது. இவள் பேசாத பிள்ளை. இரண்டு மாதமாக இன்னும் மோசம்.)

அவள் பாயில் ஒரு பட்டை மட்டும் அடுத்தடுத்து இரண்டு கட்டத்திலும் மேலேயே போயிருந்தது. இந்த வரி தப்பு, பிரித்துவிட்டு வெரசாகப் பின்னு என்றார் டீச்சர். அவள் பாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒன்னு மேல, ஒன்னு கீழ விட்டா அம்மா ஒத்தக் கண்ணால பாக்குதுங்க டீச்சர்."

அப்போதுதான் டீச்சர் சரியாகப் பார்த்தார். அவள் பட்டைகளாக வெட்டியிருந்தது, ஊருக்குக் கொடுத்தது போக வீட்டில் மிஞ்சிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்.*

* அந்தப் படம் அவள் அம்மா புவனாவின் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. வீட்டில் வேறு படம் இல்லை. இது டீச்சர் சொன்னதில்லை, நான் சேர்த்தது. வெட்கமாக இருக்கிறது. எடுக்கவும் மனம் வரவில்லை.

4

டீச்சர் கட்டிக்கொண்டு அழுதார் என்று ஒரு முடிவு எழுதினேன். பாயைச் சுவரில் மாட்டினார்கள் என்று இன்னொன்று. இரண்டும் பொய்.

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் ஒரு பட்டை பாக்கி. அதையும் நுழைத்து இறுக்கினால்தான் மற்றவை நழுவாமல் நிற்கும். அந்தப் பட்டையில் இருந்தது இறந்த தேதி.

"இத முழுசும் கீழயே விட்றவாங்க டீச்சர்?"

முழுக்கக் கீழே விட்டால் பட்டை நிற்காது, விழுந்துவிடும். அங்கங்கே மேலே தெரிந்தால்தான் பிடிக்கும். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்குள் பூண்டி வந்துவிட்டது, டீச்சர் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் கை வரவில்லை. பாண்டிச்செல்வி பட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள்தான் வாங்க வேண்டும்.