உயர்வு நவிற்சியின் மேல் ஒரு புகார்

என் வீட்டுக்காரர் பலராமனுக்கு வாய் நீளம். எனக்கும்தான், ஆனால் நான் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறவள், என் வாய்க்கு இலக்கணம் உண்டு. 2006-இல் அவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் காவலாளி வேலைக்கு உத்தரவு வந்தது. வந்த வாரமே மனுஷன் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணசாமியிடம் சாக்கடைத் தண்ணீருக்குச் சண்டை போட்டு, "தலைய எடுத்துடுவேன்" என்று கத்தித் தொலைத்தார். கிருஷ்ணசாமி நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டார். வழக்குப் பதிவானால் வேலை போச்சு.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் எனக்கு அணியிலக்கணப் பரீட்சை. புத்தகம் பையிலேயே இருந்தது. அதை எஸ்.ஐ. இராமதாஸ் முன்னால் விரித்து வைத்தேன்.

"சார், இது மிரட்டல் இல்ல. உயர்வு நவிற்சி அணி. இருக்கறத மிகைப்படுத்திச் சொல்றது."

பலராமன் என்னை முறைத்தார். எஸ்.ஐ. விரட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 'முட்டியப் பேத்துடுவேன்' என்று தான் தினமும் சொல்வதும் அதில் சேருமா என்று கேட்டார். நீங்கள் பேர்க்காதவரை சேரும் என்றேன். பக்கத்து மேஜை ஏட்டு, வீட்டில் தன்னை 'வாங்க மகாராஜா' என்று கூப்பிடுகிறார்களே, அது என்ன அணி என்றார். வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோல் திட்டுவது என்றதும் பாவம், அவர் முகம் தொங்கிப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையே பாஸாகிவிட்ட மாதிரி பேசிக்கொண்டே போனேன்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த கிருஷ்ணசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா ஆதிலட்சுமி, சொல்றவன் கையில என்ன வெச்சிருந்தான்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?"

பலராமன் முதலியார்பேட்டையில் இளநீர் வண்டி போடுகிறவர். அன்றைக்கு இளநீர் வெட்டும் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவர், கத்தியும் கையுமாக எழுந்து நின்றுதான் கத்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டாவது படிக்கிற துர்கா தன் அப்பா கிருஷ்ணசாமியின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ராத்திரி முழுக்க அந்தப் பெண் தூங்கவில்லையாம்.

எஸ்.ஐ. புத்தகத்தை மூடினார். கத்தி இருந்ததா என்று என்னைத்தான் கேட்டார். பலராமன் வேண்டுமென்றே இருமினார். ஒரு 'இல்லை' சொன்னால் போதும், வேலை நிற்கும்.

"இருந்திச்சி சார். அப்போ அது அணி இல்ல," என்றேன்.

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கிருஷ்ணசாமி எழுந்து வந்து புகாரைத் திருப்பிக் கேட்டார். கத்தியைப் பார்த்தேன் என்ற என் பெண்ணைத் தெருவில் யாரும் நம்பவில்லை, அவள் பொய் சொல்லவில்லை என்று ஒருத்தராவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றார். எஸ்.ஐ. எச்சரித்து அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நெல்லித்தோப்புத் திருப்பத்தில் பலராமன் நின்றார். பிறகு கேட்டார்.

"நேத்து நீயும் பயந்துட்டியா?"

"பயந்துட்டேன்."

தெருவுக்கு வந்ததும் அவர் எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. முதலில் துர்கா வீட்டுக் கதவைத்தான் தட்டினார்.