கை பட்ட இடம்

நான்கு வருடமாக மாமியார் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்ற குற்றத்துக்கு, மகளை இரண்டே மாதத்தில் மன்னித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் தண்டனை நீண்டது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "உன் வீட்டுக்காரருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று மகள் வழியாகத்தான் விசாரிப்பு.

மாப்பிள்ளைக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. பொழுதுபோக்கு, மாதிரி விமானங்கள் செய்வது. புத்தம்புதிதாக மின்னினால் யாரும் நம்ப மாட்டார்கள், லேசாகக் கறை வேண்டும் என்பது இரண்டிலும் அவர் கொள்கை. மாமியாரோ ஓய்வு பெற்ற விமான மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் ஒரே தபால் விமானத்தைப் பார்த்துக்கொண்டவர். அதைச் சாண் நீளத்தில் செய்து கொடுத்தால் மனம் இளகாதா என்று மனிதர் மனக்கோட்டை கட்டினார்.

கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம். விமானத்தின் மூக்கில் கை வைத்தபடி மாமியார் நிற்கிற படம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஐந்து மாதம் உழைத்தார். வெள்ளிப் பூச்சு, அதன்மேல் மஞ்சள். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் பஞ்சால் ஒற்றிய சிராய்ப்பு. புகைக்குழாய்க்குப் பின்னால் கரி, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் வழிந்த கோடுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தார். மாமியார் குனிந்து பார்த்தார். உள்ளே போய் ஈரத்துணியோடு வந்து, எண்ணெய்க் கோடுகளை அழுத்தித் துடைத்தார். ஒரு வாரத்து வேலை துணியோடு போயிற்று.

"என் வண்டியில எண்ணெய் ஒழுகினதே இல்ல. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"பக்கத்துலதாம்மா இருக்காரு," என்றாள் மகள்.

மாமியார் விமானத்தின் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இங்க பெயிண்ட் இருக்கக் கூடாது." இந்த முறை மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"போட்டோவுல அந்த இடம் தெரியலீங்க. உங்க கை மறைச்சிருக்கு."

"அந்தக் கை பட்டுத்தான் தேய்ஞ்சுது. கிளம்புறப்பல்லாம் அங்க ஒரு தட்டு தட்டி, போயிட்டு வான்னு சொல்லுவேன். எத்தனை தடவ பெயிண்ட் அடிச்சாலும் வெள்ளி தெரிஞ்சிடும்." ஈரத்துணியை மடித்து வைத்தார். "அதைக்கூட ஒரு நாளும் சொல்லாம அனுப்பினதில்ல. நீங்க ரெண்டு பேருதான் கல்யாணத்துக்குக் கிளம்புறப்ப என்னைச் சொல்ல விடல."

மாப்பிள்ளையிடம் அதற்குச் சாக்குகள் எத்தனையோ இருந்தன. "தப்புதாங்க," என்று மட்டும் சொன்னார்.

பல்குத்தும் குச்சியை நனைத்து, மாமியார் விரல் காட்டிய இடத்தில் மஞ்சளை மெல்லச் சுரண்டினார். சாண் நீள விமானத்தில் ஓர் உள்ளங்கை கடுகளவுதான்.

"இன்னும் கொஞ்சம் கீழ. போதும்."

மாலையில் புறப்பட்டபோது, எப்போதும் உள்ளேயே இருந்துவிடும் மாமியார் வாசலுக்கு வந்தார். தூசி படிந்த காரின் மூக்கில் ஒரு தட்டு தட்டினார்.

"போயிட்டு வாங்க, மாப்பிள்ளை."

வாராவாரம் காரைக் கழுவுகிறவர், அந்தக் கைத்தடம் இருந்த இடத்தை மட்டும் வெகுநாள் கழுவவில்லை.