மாடிக்கு விட்ட கம்பி

பூஞ்சேரியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் தெருவில் கருப்பன் கட்டிய வீட்டுக்கு மொட்டைமாடி என்று ஒன்று இருந்தது. ஆனால் அது மொட்டையாக இல்லை. தூணுக்கு நாலு கம்பி வீதம் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. மகன் ஜோயல் தலையெடுத்ததும் மாடி கட்டிக்கொள்வான் என்று வீடு கட்டும்போதே கருப்பன் விட்டுவைத்த கம்பிகள். அந்தத் தெருவில் வீடு கட்டிய எல்லோருமே தங்கள் பிள்ளைக்கு அப்படித்தான் விட்டுவைத்திருந்தார்கள். கம்பியை அறுத்தால் இந்தக் குடும்பம் இதோடு போதும் என்று சொன்னதாக ஆகிவிடுமாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அறுக்கத்தான் கை வராது.

ஜோயல் தலையெடுத்தான். நன்றாகவே எடுத்தான். ஐ.டி. வேலை, கவியா என்று அருமையான மனைவி, கூடுவாஞ்சேரியில் மூன்றாவது மாடியில் சொந்த ஃபிளாட். இந்த வீட்டுக்கு மாடிதான் வரவில்லை.

கருப்பன் லோடு வண்டி ஓட்டி, சிற்பப் பட்டறைகளுக்குக் கல் இறக்கியே முட்டியைத் தொலைத்தவர். இப்போது வாசல் படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். ஆக, வீட்டுப் பாடு முழுக்க மனைவி மார்கரெட் தலையில். ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் ஊரான் படுக்கையை உதறி விரித்தே காலம் ஓட்டியவள், ஓய்வு பெற்று வந்தால் வீடு சும்மா விடவில்லை. உப்புக்காற்று கேட்டைத் தின்றது, ஜன்னல் கிரில்லைத் தின்றது. குழாயில் உப்பு அடைத்துக்கொண்டது. மோட்டார் நினைத்தால் ஓடும், நினைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கும்.

"எங்க பிளாக்லயே கீழ் வூடு ஒண்ணு காலியா கீதும்மா. ஒரே ரூமு. பெயின்டு, மோட்டாரு எல்லாத்தையும் அசோசியேஷன்ல பாத்துப்பாங்க. வந்துடுங்க," என்று ஞாயிறு தவறாமல் ஜோயல் நச்சரித்தான். ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டவும் செய்தான். குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. குளியலறையில் கைப்பிடி இருந்தது. எந்த மூலையிலிருந்து துடைக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது மார்கரெட்டுக்கு உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

அதுதான் அவளுக்கே விளங்காத விஷயம். போகவேண்டும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. ரொம்ப நேரம் கால் மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அப்படி மரத்துப்போயிருந்தது மனசு. "ஜோயலு மொதல்ல மாடி கட்டட்டும், அப்பால பேசலாம்," என்று கருப்பன் ஒவ்வொரு தடவையும் பேச்சை முடித்துவிடுவார். அவளும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

மழை விட்ட வாரத்தில், கருப்பன் கை கழுவ எழுந்துபோன நேரம், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிமேல் மேல்தளத்திலிருந்து ஒரு பெரிய சிமெண்ட் பாளம் பெயர்ந்து விழுந்தது. நாற்காலி இரண்டாகப் போயிற்று. மார்கரெட் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டி அள்ளினாள். பயம் வரவில்லையே என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மேஸ்திரி தாமோதரன் வந்து மேலே ஏறிப் பார்த்தார். கம்பிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, உச்சியில் காலி தண்ணீர் பாட்டில் கவிழ்த்திருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது மார்கரெட் செய்யும் வேலை அது. ரிசார்ட்டில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கிவந்து, கிழித்து, பனிக்குப் பிள்ளைக்குத் தலைக்கட்டு கட்டுவதுபோல இறுக்கிக் கட்டுவாள். தெருவில் வேறு யார் வீட்டுக் கம்பியும் இத்தனை பத்திரமாக இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தாமோதரன் ஒரு துணியைப் பிரித்தார். கம்பி ஏடு ஏடாக உரிந்து அவர் கையிலேயே வந்தது.

"துணி சுத்தினியேக்கா, அதான் வெனை. உப்பு ஈரம் காயாம உள்ளயே நின்னுகினு தின்னுட்டுது. துரு தூணுக்குள்ள, தளத்துக்குள்ள எறங்கிடுச்சு. அதான் கீழ வெடிக்குது."

"இன்னா பண்ணணும்?"

"கம்பிய அறுத்து மூடிட்டு, வெடிச்ச எடத்த ஒட்டிப் பூசிட்டா வூடு நல்லா நிக்கும். கை வெக்காம வுட்டா நான் சொல்றதுக்கில்ல."

அவள் கீழே வந்து சொன்னாள். கருப்பன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அறுத்துட்டா மாடி?"

"மாடி இல்ல."

"ஜோயலைக் கேட்டியா?"

"இத்தினி வருசமா அவனும் சொல்லல, நாமளும் கேக்கல. இப்ப இன்னாத்த கேக்கறது?"

அவர் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "உன் இஷ்டம்," என்றார் பிறகு. நாற்பது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அதற்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே போய், "அறுத்துடு தாமு," என்றாள்.

மெஷின் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கருப்பன் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கூட்டி வைத்துப் பார்த்தார், கடைசியில் அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் பழைய இரும்புக்காரன் கம்பிகளைக் கட்டி டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த வாரத்துக்குள் பூச்சும் முடிந்தது. வீடு புதுசாக இருந்தது. இனி இந்த மனுஷன் இடத்தை விட்டு நகரமாட்டார் என்று மார்கரெட் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜோயலும் கவியாவும் வந்தார்கள். போன் பேச மாடிக்குப் போன ஜோயல், பேசாமலே இறங்கிவந்தான்.

"ம்மா, மேல கம்பிங்க எங்க?"

"அறுத்தாச்சு."

"யாரைக் கேட்டு அறுத்தீங்க?" கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கவியா அவனை முறைத்தாள்.

"ஏன்டா, நீ மாடி கட்றியா இன்னா?" காபியா டீயா என்று கேட்பதுபோலத்தான் மார்கரெட் கேட்டாள்.

அவன் கண் சிவந்துவிட்டது. "இல்லம்மா. ஆனா அது எனக்குன்னு இருந்துச்சில்ல..."

நல்ல கூத்து. வீட்டை விட்டு வா, வா என்று உயிரை வாங்கியவனுக்கு, அந்த வீட்டில் தன் இடம் மட்டும் அப்படியே நிற்கவேண்டுமாம். பெற்ற பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான். இவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

கருப்பன் தொண்டையைச் செருமினார். "வுடுறா. அந்தக் கீழ் வூடு இன்னும் காலியாத்தான் கீதா?"

"கீது நைனா."

"எப்ப வரலாம்னு கேட்டு சொல்லு."

மார்கரெட் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாயா, வூடு இப்பதான சரியாச்சு?"

"சரியாச்சுமே. யாருக்கு வோணும்? இவன் வர்றப்ப வூட்ல ஆளு இருக்கணுமேன்னுதான் கெடந்தேன். இனிமே அவன் இங்க வரப்போறதில்ல. நாமளே அவங்கிட்ட போயிடலாம்."

காபி போட கவியா அடுப்படிக்குப் போனாள். காய்ந்த துணியை எடுக்க மார்கரெட் மாடிக்குப் போனாள்.

கடைசிப் படி கொஞ்சம் உயரம். அதில் ஏறும்போது பக்கத்துத் தூணின் கம்பியைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். அறுத்து இத்தனை நாளாகியும் கை தானாகப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. தடுமாறி, சமாளித்து, தளத்தில் ஏறி நின்றாள். தாமோதரன் பூசிய தூண் தலைப்புகள் வழவழவென்று இருந்தன. தலைக்கட்டு கட்டிவிட இனி எதுவும் இல்லை. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது சுருக் சுருக்கென்று குத்துமே, நெஞ்சுக்குள் அப்படிக் குத்த ஆரம்பித்தது.

"அத்த, காபி ஆறுது," என்று கீழேயிருந்து கவியா கூப்பிட்டாள்.

"தோ வர்றேம்மா," என்றாள் மார்கரெட். வரவில்லை. கொடியில் கிடந்த கருப்பனின் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள்.